மூக்குலேருந்து மூளைக்குப் போற இழைக்கு யாரு வழி காட்டுறா

1996ல வெளியான ஒரு போட்டோ இருக்கு. எலியோட மூக்கையும் மூளையோட முன்பக்கத்தையும் நெடுக்கா வெட்டி எடுத்தது. மூக்குக்குள்ள இருக்கற ஈரமான தோல்ல அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு நீலப் புள்ளிங்க, ஒவ்வொரு புள்ளியும் ஒரு நரம்பு செல், ஒவ்வொண்ணுலேருந்தும் மெல்லிசா ஒரு நீல இழை கிளம்பி எலும்புல இருக்கற சின்னச் சின்ன ஓட்டை வழியா உள்ள நுழைஞ்சு, கொஞ்ச தூரம் வளைஞ்சு நெளிஞ்சு போயி, கடைசியில எல்லாமே ஒரே ஒரு புள்ளியில சேந்து நிக்குது. நான் பாலிடெக்னிக்ல பயோடெக் படிச்சப்ப லெக்சரர் இந்தப் படத்த ஸ்கிரீன்ல போட்டுட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டாங்க, எனக்கு மட்டும் மனசு அங்கயே நின்னு போச்சு. இத்தனை வருஷம் கழிச்சும் வேற வேலைல இருந்தாலும், இந்த விஷயத்துல புதுசா ஏதாவது ஆராய்ச்சி வந்தா தேடிப் படிச்சிடுவேன். அதப் பத்தி தமிழ்ல நிதானமா எழுதணும்னு ரொம்ப நாள் ஆசை.

முதல்ல அந்தப் படத்துல என்ன அதிசயம்னு சொல்லிடறேன். எலிக்கு வாசனை பிடிக்கற ரிசெப்டர், அதாவது நரம்பு செல் மேல இருந்து வாசனைப் பொருளப் பிடிக்கற புரோட்டீன், ஆயிரம் வகைக்கும் மேல இருக்கு, நமக்கு ஏறக்குறைய 400. மூக்குல இருக்கற ஒவ்வொரு நரம்பு செல்லும் அந்த ஆயிரத்துல ஒண்ணே ஒண்ணத்தான் தேர்ந்தெடுத்து தன் மேல வச்சுக்கும், மத்த எல்லா ஜீனையும் மூடி வச்சிடும். அப்ப ஒரே ரிசெப்டர் வச்சிருக்கற செல்லு எலிக்கு ஆயிரக்கணக்குல இருக்கும், ஆனா அதுங்க பக்கத்துப் பக்கத்துல இருக்காது, வேற வேற ரிசெப்டர் வச்சிருக்கற செல்லுங்களுக்கு நடுவுல சிதறிக் கிடக்கும். இப்படி சிதறிக் கிடக்கற செல்லுங்களோட இழைங்க எல்லாம் மூளையோட முன்பக்கம் இருக்கற ஆல்ஃபாக்டரி பல்ப்ல, பொதுவா உள்பக்கம் ஒண்ணு வெளிப்பக்கம் ஒண்ணுன்னு ரெண்டே ரெண்டு குளோமெருலஸ்ல போய்ச் சேரும். குளோமெருலஸ்னா இழைங்க முடிஞ்சு மூளை செல்லோட கைகோக்கற உருண்டை, மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதான் இருக்கும். பல்ப்ல அந்த மாதிரி உருண்டை ஆயிரக்கணக்குல இருக்கு. எந்த எலிய எடுத்துப் பாத்தாலும் ஒரு குறிப்பிட்ட ரிசெப்டரோட உருண்டை கிட்டத்தட்ட அதே இடத்துலதான் இருக்கும். நியூயார்க் கொலம்பியா யுனிவர்சிட்டில ரிச்சர்ட் ஆக்செலோட லேப்ல பீட்டர் மொம்பார்ட்ஸ்னு ஒருத்தர், பி2ன்னு ஒரு ரிசெப்டர வச்சிருக்கற செல்லு மட்டும் நீலமா தெரியற மாதிரி ஜீன மாத்தி இதக் கண்ணால பாக்க வச்சாரு.

இது ஏன் இவ்வளவு துல்லியமா இருக்கணும்னா, வாசனைங்கறதே ஒரு கூட்டுக் கணக்கு. இங்க சிங்கப்பூர்ல, கேலாங்ல டுரியான் பழ சீசன்ல நடந்து போனா ஒரு வாசனை வருதே, அது ஒரு பொருள் இல்ல, நிறைய கந்தகப் பொருளும் பழ வாசனைப் பொருளும் சேந்தது, ஒவ்வொண்ணும் பல ரிசெப்டர வேற வேற அளவுல தூண்டும், எந்தெந்த உருண்டை எவ்வளவு வேலை செய்யுதுங்கற வடிவத்த வச்சுத்தான் மூளை டுரியான்னு சொல்லுது. (டுரியானோட முழு மரபணுவ 2017ல வெளியிட்டது சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர்கள்தான், கந்தக வாசனைக்குக் காரணமான ஒரு ஜீன் அதுல பல பிரதியா பெருகியிருக்குன்னு அதுல கண்டுபிடிச்சாங்க, நமக்குப் பெருமையான விஷயம்.) ஒரே ரிசெப்டரோட இழைங்க ஆளுக்கொரு பக்கம் போயிட்டா இந்த வடிவமே குழம்பிப் போயிடும்.

இழை எப்படி வழி கண்டுபிடிக்குதுங்கற கேள்வி ரொம்பப் பழசு. 1890லயே ஸ்பெயின்ல ரமோன் இ கஹால் கோழிக் கரு முட்டைல பாத்துட்டாரு, வளர்ற நரம்பு இழையோட நுனி அகலமா விரிஞ்சு துழாவித் துழாவி முன்னால போகுதுன்னு. அவர் பாத்தது செத்த திசுவோட வெட்டுத் துண்டு, சாயம் போட்டது, அத வச்சே இது உயிரோட அசையற நுனின்னு சொன்னாரு பாருங்க, அந்தக் கண்ணுக்கு எவ்வளவு மரியாதை குடுத்தாலும் தகும். அப்புறம் ரோஜர் ஸ்பெர்ரி, தவளையோட கண் நரம்ப வெட்டி கண்ணத் தலைகீழா திருப்பி வச்சாரு, நரம்பு திரும்ப வளந்து பழைய இடத்துக்கே போய்ச் சேந்துச்சு, அதனால அந்தத் தவளை மேல பூச்சி பறந்தா கீழ நாக்க நீட்டிச்சு. பழகிக் கத்துக்கறது இல்ல, இழைக்கும் இலக்குக்கும் நடுவுல ஒரு ரசாயனப் பொருத்தம் இருக்குன்னு 1963ல எழுதினாரு.

கண்ணுக்கு அது சரியாப் பொருந்துது. கண்ணுல பக்கத்துப் பக்கத்து செல்லு மூளைலயும் பக்கத்துப் பக்கத்துலயே போய் இறங்கும், ரசாயன அளவு ஏறுமுகமா இறங்குமுகமா ரெண்டு திசைல இருந்தாலே போதும். மூக்குல அப்படி முடியாது. இங்க பக்கத்து செல்லு எங்கயோ போகணும், எங்கயோ இருக்கற செல்லு இங்க வந்து சேரணும். செல்லு உக்காந்திருக்கற இடத்த வச்சு வழி சொல்ல முடியலன்னா எத வச்சு சொல்றது?

இதுக்கு வந்த பதில்தான் என்னப் புடிச்சு உலுக்கினது. லிண்டா பக்கும் ஆக்செலும் 1991ல வாசனை ரிசெப்டர் ஜீன் குடும்பத்தக் கண்டுபிடிச்சாங்க (அதுக்கு 2004ல நோபல் பரிசும் வாங்கினாங்க), அப்போ ரிசெப்டரோட வேலை காத்துல வர்ற வாசனையப் பிடிக்கறதுன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. அப்புறம் பி2 ஜீன் இருக்கற இடத்துல வேற ரிசெப்டரோட ஜீன வச்சுப் பாத்தாங்க. செல்லு அதே செல்லு, இருக்கற இடம் அதே இடம், ஆனா இழை பழைய உருண்டைக்குப் போகல, வேற இடத்துல போய்ச் சேந்துச்சு! அப்ப வாசனையப் பிடிக்கற அதே ரிசெப்டர்தான் இழை எங்க போகணும்ங்கறதுலயும் கை வைக்குது. இழையோட நுனில கூட அந்த ரிசெப்டர் புரோட்டீன் இருக்கறதப் பின்னால பாத்தாங்க. அதுக்கும் மேல 2004ல ஒரு சோதனை, வாசனைக்கு சம்பந்தமே இல்லாத, உடம்புல அட்ரினலினப் பிடிக்கற பீட்டா2 ரிசெப்டர அங்க வச்சாங்க, அந்த இழைங்களும் தங்களுக்குன்னு ஒரு உருண்டைல ஒண்ணா சேந்துச்சு.

அப்ப எப்படி? ரிசெப்டர் தன்னோட ஜோடிய பல்ப்ல தேடிக்கிட்டுப் போகுதான்னு பாத்தா அது இல்ல. டோக்கியோ யுனிவர்சிட்டில ஹிதோஷி சகானோ குழு 2006லேருந்து காட்டினது வேற மாதிரி. வாசனையே இல்லாம சும்மா இருக்கும்போது கூட ஒவ்வொரு வகை ரிசெப்டரும் உள்ளுக்குள்ள கொஞ்சம் கொஞ்சம் சிக்னல் குடுத்துக்கிட்டே இருக்கும், ஒரு வகை கொஞ்சம் ஜாஸ்தி, ஒரு வகை கொஞ்சம் கம்மி. அந்த சிக்னல் செல்லுக்குள்ள சேதி கடத்தற சைக்ளிக் ஏஎம்பிங்கற சின்ன மூலக்கூறோட அளவ ஏத்தி இறக்கும். சைக்ளிக் ஏஎம்பி ஜாஸ்தின்னா இழை மேல நியூரோபிலின்1ங்கற புரோட்டீன் ஜாஸ்தியாகும், கம்மின்னா அதுக்கு எதிரா இருக்கற செமாஃபோரின்3ஏ ஜாஸ்தியாகும். நியூரோபிலின் நிறைய உள்ள இழை பல்ப்போட பின்பக்கம் போகும், செமாஃபோரின் நிறைய உள்ளது முன்பக்கம் நிக்கும். சிக்னல் குடுக்க முடியாதபடி ரிசெப்டரக் கெடுத்துப் பாத்தப்ப இழைங்க முன்பக்கத்துலயே தங்கி ஒண்ணு சேராம நின்னுடுச்சு, செல்லுக்குள்ள அந்த சிக்னல வேற வழியில தூக்கி விட்டப்ப திரும்ப ஒண்ணு சேந்துச்சு. ஒரு அளவு ஏறி இறங்கறத வச்சு ஆயிரம் வகை இழைக்கும் முன்னால பின்னாலன்னு இடம் பிரிச்சுக் குடுக்கற இந்த ஏற்பாடு எவ்வளவு சிக்கனமானதுன்னு யோசிச்சுப் பாருங்க.

அதே குழு 2009ல சொன்னது எனக்கு இதவிடப் பிடிக்கும். இந்தப் பிரிவினை பல்ப்புக்குப் போன அப்புறம் நடக்கறது இல்ல, போற வழியிலயே நடக்குது. மூக்குலேருந்து கிளம்பும்போது எல்லா வகை இழையும் ஒரே கட்டுல கலந்து கெடக்கு, மேல ஏற ஏற கட்டுக்குள்ளயே செமாஃபோரின் உள்ளது நடுவுக்கும் நியூரோபிலின் உள்ளது ஓரத்துக்கும்னு ஒண்ண ஒண்ணு விலக்கிக்கிட்டு ஒதுங்கிடுது, பல்ப்பத் தொடும்போது ஏற்கனவே வரிசையாத்தான் வந்து சேருது. காலைல செங்காங்ல நார்த் ஈஸ்ட் லைன் ரயில் ஏறி தோபி காட்ல மாற வேண்டியவங்களப் பாத்தீங்கன்னா தெரியும், ஏறும்போது எல்லாரும் கலந்து நெருக்கிக்கிட்டுதான் ஏறுவாங்க, ஆனா லிட்டில் இந்தியா தாண்டறதுக்குள்ள எஸ்கலேட்டர் பக்கம் திறக்கற கதவுகிட்ட இறங்கறவங்க ஒருத்தர ஒருத்தர் ஒதுக்கிக்கிட்டு சேந்திருப்பாங்க, பிளாட்ஃபார்ம்ல யாரும் நின்னு பிரிச்சு விட வேண்டியதில்ல.

பல்ப்பே இல்லாத எலில கூட இது நடக்குது. ஒரு ஜீன் கோளாறால பல்ப் உருவாகாத எலிக் கருவுல பாத்தாங்க, இழைங்க போய்ச் சேர வேண்டிய இடமே அங்க இல்ல, மூளைக்கு வெளிய ஒரு திரளா சுருண்டு நிக்குது, ஆனா அந்தத் திரளுக்குள்ளயும் பி2 இழைங்க பி2 இழைங்களோட ஒண்ணு சேந்திருந்துச்சு. இலக்கு இழுக்காமலே இதுங்க தங்களுக்குள்ளயே இனம் கண்டு சேந்துக்குது. ஒரு மேப்ப யாரோ முன்னாடியே வரைஞ்சு வச்சு அத இழைங்க படிச்சுக்கிட்டுப் போகலை, பயணம் போறதுங்க சேந்துதான் அந்த மேப்பையே உண்டாக்குதுங்க. கேள்விப்பட்டதுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச உயிரியல் உண்மை இதுதான்.

பல்ப்ல முன்பக்கம் பின்பக்கம் எப்படிப் பிரியுதுன்னு சொன்னேன், மேல்பக்கம் கீழ்ப்பக்கங்கறது வேற கதை. அதுக்கு மூக்குல செல்லு இருக்கற இடமே உதவுது, கூடவே நேரமும். மூக்கோட மேல்பகுதில இருக்கற செல்லுங்க சீக்கிரம் முதிர்ந்து அதோட இழைங்க பல்ப்போட மேல்பக்கத்துக்கு முதல்ல போயிடும். போனதும் சும்மா இருக்காது, செமாஃபோரின்3எஃப்ங்கறத வெளிய விடும். பின்னால வர்ற இழைங்க மேல நியூரோபிலின்2 இருக்கும், அதுக்கு இது ஆகாது, அதனால விலகி கீழ்ப்பக்கம் போய்ச் சேரும். முதல்ல வந்தது பின்னால வர்றதுக்கு இடம் எதுன்னு முடிவு பண்ணிடுது.

வரிக்குதிரை மீன்ல இது இன்னும் உருக்கமா இருக்கும். அந்த மீனோட முட்டை கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், ஒரு நாள் கருவுல நரம்பு வளர்றத உயிரோட பாக்கலாம். 1998ல கண்டுபிடிச்சது என்னன்னா, வாசனை நரம்பு செல்லுங்க இழை விடறதுக்கு முன்னாடியே வேற ஒரு வகை முன்னோடி செல்லுங்க சில வந்து முதல் பாதையப் போடுதுங்க. அதத் தொட்டுக்கிட்டுத்தான் மத்த இழைங்க மூளைக்குப் போகுது. பாதை உறுதியானதும் அந்த முன்னோடிங்க செத்துப் போயிடும், வாசனையே பிடிக்காம. அதுங்கள முன்னாடியே அழிச்சிட்டா பின்னால வர்றது வழி தப்பிப் போகுது. நம்ம ஊர்லயும் இதே மீன வச்சு வாசனை ஆராய்ச்சி நல்லா நடந்திருக்கு. ஒரு மீனுக்கு அடிபட்டா அதோட தோல்லேருந்து ஏதோ ஒண்ணு தண்ணில கலந்து மத்த மீனெல்லாம் பயந்து ஓடுதுன்னு கார்ல் வான் ஃப்ரிஷ் 1938லயே சொன்னாரு, அந்தப் பொருள்ல காண்ட்ராய்ட்டின்ங்கற சர்க்கரைச் சங்கிலியோட துணுக்கு இருக்குன்னு 2012ல சிங்கப்பூர்க் குழு காட்டிச்சு.

இவ்வளவும் ஆனப்புறம் கூட பக்கத்துப் பக்கத்து உருண்டைங்களோட எல்லை கொஞ்சம் கலங்கலாத்தான் இருக்கும். கடைசித் திருத்தம் செல்லு வேலை செய்யறத வச்சு நடக்கும். கிர்ரெல்2, கிர்ரெல்3ன்னு ரெண்டு ஒட்டு புரோட்டீன், செல்லு எவ்வளவு சுறுசுறுப்பா இருக்குங்கறதப் பொறுத்து ஒண்ணு ஏறும் ஒண்ணு இறங்கும், ஒரே வகை உள்ளது ஒட்டிக்கும். எஃப்ரின், அதோட ரிசெப்டர் எஃப், இது ரெண்டும் விலக்கற வேலையப் பாக்கும். எலியோட ஒரு மூக்குத் துவாரத்த அடைச்சிட்டா அந்தப் பக்கம் இந்தப் புரோட்டீன் அளவெல்லாம் மாறுது.

இதெல்லாம் கருவுல நடந்து முடிஞ்ச கதைன்னு நெனச்சுடாதீங்க. கண்ணு நரம்பு மாதிரி இல்ல மூக்கு நரம்பு, காத்து தூசு கிருமின்னு எல்லாம் நேரா படற எடத்துல இருக்கறதால செத்துக்கிட்டே இருக்கும், அடில இருக்கற ஸ்டெம் செல்லுங்க புதுசு புதுசா குடுத்துக்கிட்டே இருக்கும். புதுசா வர்ற ஒவ்வொரு செல்லும் ஒரு ரிசெப்டரத் தேர்ந்தெடுத்து, இழை விட்டு, எலும்பு ஓட்டையத் தாண்டி, அதே உருண்டைக்குப் போகணும். நீங்க இதப் படிக்கும்போது உங்க மூக்குல அது நடந்துக்கிட்டு இருக்கு. எலில பி2 செல்ல மட்டும் குறிவச்சு அழிச்சப்ப புதுசா வந்த இழைங்க பழைய உருண்டைக்கே போய்ச் சேந்துச்சு. ஆனா நரம்பையே முழுசா வெட்டினப்ப அப்படி இல்ல, வளந்துச்சு, ஆனா வேற இடத்துல போய் இறங்குச்சு. 2014ல ரெண்டு குழு தனித்தனியா காட்டினது இதுக்கு விளக்கம் மாதிரி இருக்கு, எலி பொறந்த சின்ன வயசுல ஒரு குறிப்பிட்ட காலம் வரைக்கும் வழி தப்பின இழைங்கள சரி பண்ண முடியுது, அதுக்கப்புறம் வர்ற இழைங்க ஏற்கனவே போயிருக்கற இழைங்களப் பிடிச்சுக்கிட்டுத்தான் போகுது, முன்னது தப்புன்னா பின்னதும் தப்பு.

எங்கம்மாவுக்கு கோவிட் வந்து போனப்ப இதெல்லாம் எனக்குப் புஸ்தக விஷயமா இல்லாம வீட்டு விஷயமாச்சு. முதல்ல வாசனையே இல்ல. கொஞ்ச நாள்ல திரும்பி வந்துச்சு, வந்த மாதிரி வந்துட்டு அப்புறம் கோணலாச்சு. "ஏன்டி, காப்பில என்ன போட்ட, டயர் எரிஞ்ச மாதிரி நாறுது"ன்னாங்க. வெங்காயம் வதக்கினா எழுந்து காரிடார்ல போய் நின்னுடுவாங்க. தேக்கா மார்க்கெட்ல வாங்கிட்டு வந்த மல்லிப்பூவக் கூட தலைல வைக்க மாட்டேன்னுட்டாங்க, அம்மா பூ வைக்காம நான் பாத்ததே இல்ல. பாக்கப் போன கிளினிக்ல வயசாச்சு இல்ல, அப்படித்தான் இருக்கும்னு சொல்லி அனுப்பிட்டாங்க, எனக்கு அது தாங்கல, ஏன்னா இது வயசு சமாச்சாரம் இல்லன்னு தெரியும். 2020லயே வந்துடுச்சு, கோவிட் வைரஸ் நரம்பு செல்லத் தொடறதுக்கு முன்னாடி அதத் தாங்கி நிக்கற பக்க செல்லுங்களத்தான் தாக்குது, வைரஸ் நுழையற வாசல் ஏசிஇ2 இருக்கறது அதுங்க மேலதான். காப்பி, வெங்காயம், பூண்டு, கோழின்னு குறிப்பிட்ட பொருள் மட்டும் நாறறதுக்கும் ஆதாரம் இருக்கு, 2022ல இங்கிலாந்துல ரெடிங் யுனிவர்சிட்டி குழு காப்பி வாசனையத் தனித்தனியா பிரிச்சு இந்த மாதிரி ஆளுங்களுக்குக் குடுத்துப் பாத்தப்ப 2-ஃபியூரான்மீத்தேன்தயால்ங்கற கந்தகப் பொருள்தான் அதிகம் பேருக்கு அருவருப்பத் தூண்டிச்சு. கொஞ்ச வகை நரம்புதான் திரும்பி வேலை செய்யுது, அதனால வடிவம் குறையா இருக்குங்கறது ஒரு கருத்து, திரும்ப வளந்த இழைங்க வேற உருண்டைல போய் இறங்கிடுச்சுங்கறது இன்னொரு கருத்து.

அம்மாகிட்ட இத ஒரு பேப்பர்ல மூக்கு, ஓட்டை, உருண்டைன்னு வரைஞ்சு சொன்னேன். "அப்ப என் மூக்குல கட்டட வேலை நடக்குதுங்கற"ன்னாங்க. அதுக்கப்புறம் பயம் கொறஞ்சுது. 2009ல ஜெர்மனில தாமஸ் ஹம்மெல் குழு போட்ட பயிற்சி முறைப்படி ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு, இந்த நாலையும் காலைல ஒரு தரம் ராத்திரி ஒரு தரம் மோந்து பாக்க வச்சோம். சோதனைல 12 வாரம் செஞ்சாங்க, நாங்க அதுக்கு மேலயும் விடல. யூகலிப்டஸ்க்கு நீலகிரித் தைலம், மத்ததெல்லாம் வீட்டுலயே இருந்துச்சு. மோக்கும்போது கிராம்பு எப்படி இருக்கும்னு மனசுல நெனச்சுக்கிட்டே மோக்கணும். அம்மாவுக்கு மெதுமெதுவா கிராம்பு கிராம்பா வந்துச்சு, மல்லி வந்துச்சு. காப்பி மட்டும் இன்னும் முழுசா இல்ல, டீக்கு மாறிட்டாங்க.

கடைசியா ஒண்ணு, இதப் பேச நம்ம வீடுகள்ல கூச்சப்படறாங்க, அதனாலயே எழுதணும்னு தோணுது. மூக்குலேருந்து மூளைக்குப் போற இந்த இழைப் பாதைல வாசனை நரம்பு மட்டும் போறதில்ல. வயசுக்கு வர்றத ஆரம்பிச்சு வைக்கற ஜிஎன்ஆர்எச் ஹார்மோன் செல்லுங்க கருவுல பொறக்கறது மூளைல இல்ல, மூக்குல. மூக்குலேருந்து கிளம்பற இழைங்கள ஒட்டிக்கிட்டே ஊர்ந்து மூளைக்குள்ள போய், ஹார்மோனக் கட்டுப்படுத்தற ஹைப்போதலாமஸ்ங்கற பகுதி பக்கம் சேரும், 1989ல எலிக் கருவுல இதக் கண்டுபிடிச்சாங்க. இழை பாதி வழில நின்னு போனா இதுங்களும் வெளியவே நின்னுடும். வாசனையும் தெரியாம, தானா வயசுக்கும் வராம போற கால்மன் சிண்ட்ரோம்ங்கறது அதுதான், ஃபிரான்ஸ் கால்மன் 1944ல விவரிச்சது. அந்த 1989லயே இந்தக் கோளாறு இருந்த ஒரு மனுஷக் கருவப் பாத்தப்ப ஹார்மோன் செல்லுங்க எலும்பு ஓட்டையத் தாண்டி, மூளைக்குள்ள நுழையாம வாசல்லயே தங்கியிருந்துச்சு. இதுக்குக் காரணமான ஜீன்கள்ல ஒண்ணு எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு, 1991ல கண்டுபிடிச்சது, ஆம்பளைப் பசங்களுக்கு அதிகமா வர்றதுக்கு அது ஒரு காரணம். பையனுக்கு பதினாலு பதினஞ்சு வயசாகியும் வயசுக்கு வர்ற அடையாளம் எதுவும் இல்லன்னா, பொண்ணுக்கு பதிமூணு தாண்டியும் மார்பு வளர ஆரம்பிக்கலன்னா, டாக்டர் கேக்கற கேள்விகள்ல ஒண்ணு வாசனை தெரியுமாங்கறது. பொறந்ததுலேருந்தே வாசனை தெரியாத பிள்ளைக்கு அது ஒரு குறைன்னே தெரியாது, சொல்லாது, அதனால வீட்டுல இருக்கறவங்கதான் கண்ணக் கட்டிட்டு காப்பித்தூள், கிராம்பு, சோப்புன்னு குடுத்துப் பாத்து டாக்டர்கிட்ட சொல்லணும். ஹார்மோன் குடுத்து வயசுக்கு வர வைக்க முடியும், சிகிச்சையால பலருக்குக் குழந்தையும் பொறந்திருக்கு.